பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறதா? ரேக்கைக் கழற்றும் முன் ஒரு பார்வை

எங்கள் வீட்டில் 2003 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் வண்டியை வெளியே எடுத்தால், போர்ட்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்த் திட்டு. தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ‘உய்ங்’ என்று ஒரு முனகல் வேறு. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “ரேக் போச்சு சார். இறக்கித்தான் வேலை பார்க்கணும், பதினாலாயிரம் வரும்” என்றார். ரேக் என்பது நாம் ஸ்டீயரிங்கை ஒடிப்பதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான உறுப்பு.

மனசு கேட்காமல் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அடியில் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால், ரேக் காய்ந்து கிடக்கிறது. மேலே ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் ஹோஸின் முனையில், கிளிப்புக்குக் கீழே மயிரிழை அளவு வெடிப்பு. அங்கே கசிந்த ஆயில் ஹோஸ் வழியாகவே இறங்கி, குறுக்குச் சட்டத்தில் ஓடி, ரேக்கின் ரப்பர் உறை மேல் படிந்து, அங்கிருந்து சொட்டியிருக்கிறது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. சொட்டும் இடத்தைப் பார்த்தார், கிளம்பிய இடத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக இதுவரை பானெட்டைத் திறந்தே பார்க்காதவர்கள், இந்தக் கசிவை எப்படித் தேடுவது, எதை நாமே சரிசெய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பாதிக் கட்டுரை தேடுவதைப் பற்றியே இருக்கும். பாதி வேலையும் அதுதான்.

உங்கள் காரில் ஆயில் இருக்கிறதா?

இதைக் கேட்காமல் வேலையில் இறங்காதீர்கள். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குத் துணை நிற்பது ஒரு மின்மோட்டார். அதில் ஆயிலும் கிடையாது, ஒழுகவும் வழி இல்லை. 2005-இல் வந்த முதல் மாருதி ஸ்விஃப்டிலேயே எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்தான். ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான், பழைய ஸ்கார்ப்பியோ, முதல் தலைமுறை இன்னோவா போன்றவைதான் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் வேலை செய்பவை.

பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் சக்கரத்தின் படமோ பெயரோ மூடியில் போட்டிருக்கும் ஒரு சிறிய டப்பாவைத் தேடுங்கள். அதன் அடியிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள் கிளம்பும். ஒன்று தடிமன், ஒன்று சன்னம். டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டை ஒட்டி இன்னொரு சின்ன டப்பா இருக்கும். அது பிரேக் ஆயில் டப்பா. இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கீழே கிடப்பது என்ன?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது முன்பக்கத்தின் அடியில் பழைய செய்தித்தாளையோ, டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தோ விரித்துவிடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் தெரியும், நிறமும் தெரியும்.

நிறமும் வாசனையும் இல்லாமல் காய்ந்து போனால் அது ஏசி தண்ணீர், விட்டுவிடலாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் வழுவழுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். கெட்டியாக, கறுப்பு கலந்த பழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். வெளிர் மஞ்சளாக, சக்கரத்தின் உள்பக்கத்தில் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

பவர் ஸ்டீயரிங் ஆயில் என்ஜின் ஆயிலைவிடச் சன்னமாக இருக்கும். பல கார்களில் ஊற்றும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) வகை புதிதாக இருக்கும்போது நல்ல சிவப்பு. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பழுப்பாகி, லேசாகத் தீய்ந்த வாடை அடிக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டப்பாவுக்குள் ஒரு குச்சியை விட்டு ஒரு சொட்டு எடுத்து, அதே அட்டையில் கீழே விழுந்த சொட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாகப் பரவினால் சந்தேகம் தீர்ந்தது. அப்படியே டப்பாவின் வெளியே, ஆயில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தாலே, இது அவசரமா இல்லையா என்பது புரிந்துவிடும்.

ஆயில் எந்த வழியில் ஓடுகிறது?

டப்பாவிலிருந்து தடித்த ஹோஸ் வழியாக ஆயில் பம்புக்கு இறங்குகிறது. பம்பை என்ஜின் பெல்ட் சுழற்றுகிறது. பம்பு அதை அழுத்தி, பிரஷர் ஹோஸ் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. அங்கே நாம் ஒடிக்கும் பக்கத்துக்குத் துணையாக நின்று தள்ளிவிட்டு, ரிட்டர்ன் ஹோஸ் வழியாகத் திரும்பவும் டப்பாவுக்கே வந்து சேர்கிறது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது அழுத்தம். கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது பிரஷர் ஹோஸுக்குள் 70, 80 பார் ஏறும், சில வண்டிகளில் 100-ஐத் தொடும். ரிட்டர்ன் ஹோஸில் அந்த அழுத்தம் கிடையாது. அதனால்தான் ரிட்டர்ன் ஹோஸைச் சாதாரண கிளிப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள், பிரஷர் ஹோஸின் முனையில் இரும்புக் குழாயை வைத்து மெஷினில் நசுக்கியிருக்கிறார்கள். நாம் வீட்டில் தொடக்கூடியது கிளிப் இருக்கிற பக்கம். நசுக்கியிருக்கிற பக்கத்தைக் கத்தியால் வெட்டி, கிளிப் போட்டு ஒட்டவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். முதல் யூ-டர்னிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். சூடான சைலன்சர் பைப் மேல் அந்த ஆயில் பட்டால் புகையும், சமயத்தில் தீயும் பிடிக்கும்.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், பின்சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். அது பாரத்தில் விரிசல் விடாது, ஒரே அடியாக நொறுங்கும்.

மற்றபடி ஒரு ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், திருப்புளி, டார்ச், கையுறை, ஒரு பெரிய சிரிஞ்ச், பழைய தட்டு ஒன்று, நிறைய பனியன் வேஸ்ட். கூடவே ஓர் ஆள். ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கழுவு, துடை, பவுடர் போடு

அழுக்கும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருக்கும்போது எங்கே கசிகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் முதலில் சுத்தம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டப்பா, ஹோஸ்கள், பம்பு, ரேக், அதன் இரண்டு பக்க ரப்பர் உறைகள் எல்லாவற்றையும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) அடித்துத் துடையுங்கள். கொஞ்சம் டீசலைத் துணியில் தொட்டும் துடைக்கலாம், ஆனால் கடைசியில் சோப்புத் தண்ணீர் போட்டு அதையும் எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போனால் வேறொரு கதை ஆரம்பித்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் வீட்டில் இருக்கும் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல துப்பறியும் கருவி எனக்குக் கிடைத்ததில்லை. வெள்ளைப் பவுடரில் ஆயில் ஒரு குண்டூசித் தலை அளவு வந்தாலும் கரும்புள்ளியாகத் தெரியும்.

இப்போது டப்பாவில் ஆயில் போதுமான அளவு இருக்கிறதா பார்த்துவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக வலது கடைசி, இடது கடைசி என்று ஒடிக்கட்டும். கடைசியில் கொண்டுபோய் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, பம்பு சூடாகும். நான் என் பையனை உட்கார வைத்தேன். “அப்பா, போதுமா?” என்று அவன் கேட்டது ஆறாவது முறை ஒடித்தபோது. அந்த ஆறாவது முறையில்தான் கிளிப்புக்குக் கீழே பவுடர் மெல்ல நிறம் மாறி, ஒரு சொட்டு உருண்டு நின்றது.

இந்த நேரத்தில் ஒன்றை மறக்காதீர்கள். என்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்துக் கசிவைத் தேடக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும், ஆபரேஷன் வரை போகும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், அதில் கோடு விழும். சட்டைக் கை, கழுத்தில் தொங்கும் துண்டு, சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவு எங்கே கிளம்புகிறதோ அதை வைத்து வேலையைத் தீர்மானிக்கலாம். எப்போதும் ஈரத்தின் மேல் எல்லையைத் தேடுங்கள். கீழே இருப்பதெல்லாம் வழிந்து வந்ததுதான்.

டப்பா நனைந்திருந்தால், முதலில் மூடியின் ரப்பர் வாஷரையும் அளவையும் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் சூட்டில் பொங்கி வழியும், அது கசிவே இல்லை. பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், ஹோஸ் மாட்டும் மூக்கில் வெடிப்பு இருந்தால் டப்பாவை மாற்றத்தான் வேண்டும், எம்-சீல் எல்லாம் அங்கே நிற்காது. ஹோஸ் உடம்பில் பல் தடம் மாதிரி இருந்தால் எலி. ஊரில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வருபவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரமாக, பெல்ட்டும் சுற்றியுள்ள தகடுகளும் தெறித்த மாதிரி நனைந்திருந்தால் பம்பு ஷாஃப்டின் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருக்கிறது. ரேக்கின் பக்கவாட்டில் விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக்கின் உள் சீல்தான். கொஞ்சம் கிரீஸ் இருப்பது சாதாரணம், ஆயில் இருக்கக் கூடாது. டிரைவர் காலடியில் மேட் நனைந்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், ஸ்டீயரிங் ராடு ரேக்குக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீலைச் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஸ்டீயரிங் முனகுகிறது, டப்பாவில் ஆயில் நுரைத்து மோர் மாதிரி இருக்கிறது என்றால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸில் கோளாறு இருக்கலாம். பம்பு உறிஞ்சுகிற பக்கம் என்பதால் அங்கே ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். கிளிப்பை இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

ரிட்டர்ன் ஹோஸ் மாற்றுவது

வீட்டிலேயே முழுசாகச் செய்யக்கூடிய வேலை இது. பழைய வண்டிகளில் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். நம் ஊர் வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்தில் ரப்பரை அழிரப்பர் மாதிரி கெட்டியாக்கிவிடும்.

கிளிப் தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்கிப் பார்க்கலாம். ஆனால் முனை கெட்டியான ஹோஸை இறுக்கி இறுக்கிப் பயன் இல்லை, வெடிப்புதான் பெரிதாகும். முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் மாட்ட நீளம் இருந்தால் அது தற்காலிகத் தீர்வு. ஒரு முனை போயிருந்தால் மறு முனையும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். முழு ஹோஸையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

சிரிஞ்சால் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடியில் தட்டை வையுங்கள். ஸ்பிரிங் கிளிப் என்றால் பிளேயரால் இரண்டு காதையும் அமுக்கிப் பின்னால் தள்ளுங்கள், திருகு கிளிப் என்றால் திருப்புளி. ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராது. பலம் கொடுத்து இழுக்காதீர்கள், டப்பாவின் பிளாஸ்டிக் மூக்கு முறியும். ஹோஸை வலம் இடமாக ஒரு திருகு திருகி ஒட்டை விடுவித்துவிட்டுக் கழற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் தூக்கிப்போடப் போகிறோம். கீறும்போது பிளேடு உள்ளே இருக்கும் மூக்கில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய துண்டை அப்படியே கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். உள்விட்டமும் நீளமும் வளைவும் அதிலேயே இருக்கிறது. சென்னையில் என்றால் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. நான் போன கடையில் கேட்டதும் வந்த பதில் இது: “பவர் ஸ்டீயரிங் ரிட்டர்னா? வாட்டர் ஹோஸ் போடுங்க சார், எல்லாரும் அதைத்தான் போடுறாங்க.” எல்லாரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான். எல்லாரும் ஆறு மாதத்தில் திரும்பியும் வருகிறார்கள். ரேடியேட்டர், ஹீட்டர் தண்ணீருக்கான ஹோஸ் வேறு வகை ரப்பர். தண்ணீரையும் கூலன்டையும் தாங்கும், ஆயில் பட்டால் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். சூடான ஆயிலுக்கென்றே வரும் பவர் ஸ்டீயரிங் ரிட்டர்ன் ஹோஸையோ, ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கூலருக்கான ஹோஸையோ கேட்டு வாங்குங்கள். “அண்ணே, ஆயில் ஹோஸ்தான் வேணும்” என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள். புதிய கிளிப்புகளையும் வாங்கிவிடுங்கள்.

மாட்டும்போது உள்முனையில் அதே ஆயிலைத் தொட்டுத் தடவினால் சுலபமாக ஏறும். கிளிப்பை ஹோஸில் முதலிலேயே கோத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டு மாட்டி, திரும்பக் கழற்றியவன் சொல்கிறேன். மூக்கில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். கிளிப் அதன் மேலே உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உள்ளே தள்ளி உட்கார வேண்டும். ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். ஹோஸ் சைலன்சர் பைப்பில் உரசாமல், பெல்ட்டில் படாமல், நசுங்கி மடங்காமல் போகிறதா என்று ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிரஷர் ஹோஸ்

கசிவு, ஹோஸ் பம்பில் சேரும் முனையில் இருந்தால் உடனே ஹோஸைக் குறை சொல்ல வேண்டாம். சில வண்டிகளில் அங்கே நடுவில் துளையுள்ள ஒரு போல்ட்டும், அதன் இரண்டு பக்கமும் செம்பு வாஷரும் இருக்கும். சிலவற்றில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கி உட்கார்ந்தால் அந்த வடிவத்துக்கே பழகிவிடும். கழற்றினால் புதுசு போட வேண்டும். போல்ட்டை மேலும் இறுக்கிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், பம்பின் அலுமினியத் திரெட் பிய்ந்து கையில் வரும். அதற்கப்புறம் வாஷர் விலையில் ஆரம்பித்த வேலை பம்பு விலையில் முடியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் எண் இருக்கும், அந்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச் இல்லையென்றால் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஹோஸின் உடம்பே உப்பியிருந்தாலோ, இரும்பு முனை நசுக்கிய இடத்தில் வியர்த்திருந்தாலோ ஹோஸை மாற்ற வேண்டும். புதுசு கிடைக்காத பழைய மாடல் என்றால் இன்னொரு வழி உண்டு. ஜேசிபி, டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து கொடுக்கும் கடைக்குப் பழைய ஹோஸைக் கொண்டுபோனால், இரண்டு முனை இரும்பையும் வைத்துக்கொண்டு நடுவில் புதிய ரப்பரை மெஷினில் நசுக்கித் தருவார்கள். பவர் ஸ்டீயரிங்குக்கு என்று சொல்லி, அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் ரகம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹோஸும் கிடைக்கும்தான். ஆனால் நம் வண்டியின் வயதுதான் அதற்கும் இருக்கும்.

பம்பும் ரேக்கும்

இரண்டையும் புதியவர்கள் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பம்பு சீல் கிட் கிடைக்கிறது, புல்லியைக் கழற்ற புல்லர் வேண்டும், உள்ளே இருக்கும் சின்னத் தகடுகளைக் கோக்கும் வரிசையில் தவறு வந்தால் பம்பே வேலை செய்யாது. ரேக் வேலைக்கு அதற்கென்றே ஸ்டீயரிங் ரேக் மட்டும் பார்க்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, அவர்களிடம் போங்கள். போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: ரேக்கின் தண்டில் துரு, கீறல் இருக்கிறதா? ரப்பர் உறை கிழிந்து மழைத் தண்ணீரும் மண்ணும் போயிருந்தால் தண்டில் துரு ஏறும், அந்தத் துரு புதிய சீலையும் ரம்பம் மாதிரி அறுத்துவிடும். தண்டைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே கதை. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முன்டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து தீர்ந்துவிடும்.

என்ன ஆயில்?

டப்பா மூடியிலோ, வண்டியோடு வந்த புத்தகத்திலோ என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பழைய ஹூண்டாய்களுக்குப் பிஎஸ்எஃப்-3 என்ற பவர் ஸ்டீயரிங் ஆயில். முதல் தலைமுறை இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப். ஹோண்டாவின் ஹைட்ராலிக் கார்களுக்கு ஹோண்டாவின் சொந்த ஆயில், அதில் ஏடிஎஃப் கலக்கக் கூடாது. “எல்லாம் ஒண்ணுதான்” என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு மூடியைக் காட்டுங்கள். ஒரு லிட்டர் வாங்கினால் சாதாரண வேலைக்குத் தாராளம்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. பவர் ஸ்டீயரிங் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்த ரப்பர். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அதை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போய் பம்பு, ரேக் இரண்டும் ஒழுக ஆரம்பிக்கும். தலைகீழாக, ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குப் போனால் இன்னும் ஆபத்து: பிரேக்கின் ரப்பர்கள் உப்பிப்போய், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். ஒரே புனலை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட வேண்டாம். தவறி ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஊற்றிக் காற்றை எடுப்பது

ஹோஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். அதை எடுக்காமல் ஓட்டினால் முனகும், பம்பு தேயும். இதற்கு அவசரப்படாத ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டப்பாவில் மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். என்ஜின் ஸ்டார்ட் செய்யாமலே, சாவியை ஸ்டீயரிங் லாக் விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்பி, ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாக ஒடியுங்கள். பத்துப் பதினைந்து தடவை. ஒருவர் ஒடிக்க, ஒருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் மளமளவென்று இறங்கும், கொப்புளம் கொப்புளமாக வரும். இறங்க இறங்க ஊற்றுங்கள், அடி தெரிய விட்டால் மறுபடி காற்று போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கொப்புளம் நின்று, மட்டம் இறங்காமல் நின்றதும் என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, மீண்டும் மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்கள். ரேஸ் பண்ணாதீர்கள். ஆயில் நுரைத்தால் உடனே அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். நுரை அடங்கிய பின் தொடரலாம். கடைசியாக வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரு முறை ஒடித்துப் பார்த்து, டப்பாவின் சூடு, குளிர்ச்சிக் கோடுகளில் உரியதற்கு மட்டத்தைச் சரிசெய்து மூடுங்கள்.

பழைய ஆயில் கறுத்திருந்தால் இதே சாக்கில் மாற்றிவிடலாம். அதிகம் கஷ்டப்பட வேண்டாம். டப்பாவில் இருப்பதைச் சிரிஞ்சால் எடுத்துப் புதுசு ஊற்றுவது, சில நாள் ஓட்டுவது, திரும்ப எடுத்து ஊற்றுவது. மூன்று நான்கு சுற்றில் பெரும்பகுதி மாறிவிடும்.

கடையில் ஸ்டாப்-லீக் என்று ஒரு டப்பா விற்கிறார்கள். அது வயதான ரப்பர் சீலை உப்பவும் இளகவும் வைக்கிறது, ரேக்கில் மெல்ல வியர்க்கும் கசிவைச் சில மாதம் தள்ளிப்போடும். வெடித்த ஹோஸுக்கும் தளர்ந்த கிளிப்புக்கும் அது ஒன்றும் செய்யாது. என்னைக் கேட்டால் அதை வாங்குபவர்களில் பாதிப் பேர் வண்டியை விற்கப் போகிறவர்கள்.

வேலை பார்க்க நேரம் இல்லை, இன்றைக்கு ஓட்டியே ஆக வேண்டும் என்றால்: சொட்டு சொட்டாக விழும் கசிவில் ஆயிலை நிரப்பிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம், ஒரு பாட்டில் கூடவே இருக்கட்டும். ஆயில் முழுக்கக் காலியானாலும் சக்கரம் திரும்பும், ஆனால் மெதுவாகப் போகையில் இரண்டு கையும் போதாது, பார்க்கிங்கில் தெரியும். ஆயில் இல்லாமல் சுழலும் பம்பு வெகு நாள் தாங்காது. பீய்ச்சி அடிக்கிறது, புகை வாடை வருகிறது என்றால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், என்ஜின் ஆயிலோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். அன்று ராத்திரி திரும்பவும் புதுச் செய்தித்தாள் விரியுங்கள். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு என மூன்று முறை மார்க்கர் கோட்டைப் பாருங்கள். ஹோஸ் புதிதாக உட்கார்ந்ததால் முதல் வாரத்தில் கிளிப் கால் சுற்று தளர்ந்திருக்கும், ஒரு முறை திருப்புளியை வைத்துப் பாருங்கள். என் ஆக்சென்ட்டில் இறுக்கியது அந்த ஒரு தடவைதான்.